வெறும் டியூப்

அன்று காலை அவள் ஒரே தம்ளரை மூன்றாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த மாமியார் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "அம்மாடி, அந்தத் தம்ளர் உனக்கு என்ன துரோகம் பண்ணிச்சு? விட்டுடு, தேஞ்சிடப் போகுது" என்றார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பார்த்தாள், அணைத்திருந்தது. கதவைப் பூட்டினோமா என்று பார்க்கப் போனவள், வீட்டுக்குள் நின்றுகொண்டு அதைப் போய்ப் பார்ப்பானேன் என்று பாதி வழியில் திரும்பினாள். மதியம் ஆய்வகத்தில் கூட்டம். அவள் செய்துகொண்டிருக்கும் வேலையை அவளிடமே விட்டுவைப்பதா, அல்லது அந்தச் சரக்கை வெளியே ஒரு கம்பெனியில் விலைக்கு வாங்கிக்கொள்வதா என்று அதில் முடிவாகும். வாங்குவது என்றால் அவளுக்கு அங்கே இடமில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் செய்தது கறுப்பு வேலை. இரண்டு வகை இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்து, சூடாக்கி, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சளாக இருக்கும் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மையாகக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்கள். பிறகு அவற்றுக்கு ஒரு பாலிமர்ச் சட்டை போட வேண்டும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர் அது. அந்தச் சட்டையில்தான் புரதம் வந்து ஒட்டிக்கொள்ளும். உடைந்த எலும்பை வளரத் தூண்டும் புரதம் ஒன்று இருக்கிறது. ஊசியில் போட்டால் வேண்டிய இடத்தில் நிற்காமல் உடம்பெல்லாம் ஊர் சுற்றப் போய்விடும். துகளின் முதுகில் ஏற்றி அனுப்பி, வெளியே ஒரு காந்தத்தை வைத்தால், எலும்பு உடைந்த இடத்திலேயே பிடித்து நிறுத்திவிடலாம். அவர்களுடைய திட்டம் இதுதான்.

நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு இருந்ததால் ஆய்வகத்தில் அவளுக்குக் 'கரி' என்று பெயர். அவள் கணவனுக்கு 'நீலம்'. அவனும் அங்கேதான் வேலை பார்த்தான். அவள் செய்து கொடுக்கும் துகளில் புரதத்தை ஏற்றுவதும், எவ்வளவு ஏறியது என்று அளப்பதும் அவன் பொறுப்பு. அளப்பதற்கு ஒரு சாயம் உண்டு. சும்மா இருக்கும்போது தேநீர் மாதிரிப் பழுப்பாக இருக்கும், புரதத்தைக் கண்டால் நீலமாக மாறும். அந்த நீலம் அவன் விரல்களை விட்டுப் போனதே இல்லை. கரியும் நீலமும் கட்டிக்கொண்டால் பிள்ளை என்ன நிறத்தில் பிறக்கும் என்று அங்கே ஒரு பழைய கிண்டல் இருந்தது. பிள்ளை பிறக்கவில்லை. கிண்டல் செய்தவர்கள் ஒரு கட்டத்தில் அவர்களாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

அளக்கும் முறை சுலபமானது. ஒரு சின்ன டியூப்பில் புரதத் தண்ணீரையும் துகளையும் சேர்த்துச் சுழல விடுவது. பிறகு டியூப்பின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் கறுப்பெல்லாம் அந்தப் பக்கச் சுவருக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் தெளிந்த தண்ணீர். அதில் சாயத்தை விட்டால் எவ்வளவு புரதம் மீந்திருக்கிறது என்று தெரியும். போட்டதில் மீந்ததைக் கழித்தால், காணாமல் போனதெல்லாம் துகள்மேல் ஏறிக்கொண்டது என்று கணக்கு. புரதம் தங்கத்தைவிட விலை என்பதால் மிகக் கொஞ்சமாகத்தான் போடுவார்கள். அப்படிப் போட்டதில் நூற்றுக்குத் தொண்ணூறு ஏறியது. தொண்ணூறு! பெரிய மேடம், அதாவது ஆய்வகத் தலைவி, அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறைக் கதவிலேயே ஒட்டிவைத்தார். ஏறிய புரதம் துகளை விட்டுச் சரியாக வெளியே வரவில்லை என்று ஒரு சின்னக் குறை மட்டும் இருந்தது. "பிடிப்பு அதிகம் மேடம், மெதுவா வரும்" என்று அவன் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்புறம் திடீரென்று தொண்ணூறு முப்பதாக விழுந்தது.

"துகள்ல ஏதோ கோளாறு" என்றான் அவன், எல்லார் முன்னிலையிலும். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள். கட்டியவனே சொன்னதால் நம்பிவிட்டாள். உப்பை மாற்றினாள், அம்மோனியாவை மாற்றினாள், இறால் ஓட்டுச் சரக்கை வேறு இடத்தில் வரவழைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சூட்டைப் பார்த்தாள். நுண்ணோக்கியில் துகள்கள் பழையபடியே அழகாக, ஒரே அளவாகத்தான் இருந்தன. அவன் அளந்தால் மட்டும் முப்பது. "பழைய டியூப்ல ஒரு தடவை போட்டுப் பாருங்களேன், ஸ்டோர்ல புது வகை மாத்திட்டாங்கல்ல" என்று ஒரு நாள் கேட்டாள். "பழசு ஒண்ணுகூட இல்ல, எல்லாம் தீந்துபோச்சு. டியூப்ல என்ன இருக்கு, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான்" என்று அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். அதற்குப் பிறகு தன் கையில்தான் ஏதோ தரித்திரம் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான், தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பியவள் மாமியாரின் கையைப் பார்த்தாள். மாமியார் ஒரு சின்ன பிளாஸ்டிக் டியூப்பின் மூடியை 'டப்'பென்று திறந்து, உள்ளேயிருந்து ரத்த அழுத்த மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினார்.

"அத்தை, இது ஏது?"

"எது, டப்பாவா? அவன்தான் கொண்டாந்தான். ஒரு பை நிறைய. ஆபீஸ்ல வேண்டாம்னு தூக்கிப் போட இருந்தாங்களாம். காலைக்கு ஒண்ணு, மத்தியானத்துக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிட்டேன். என்ன ஜோரா மூடிக்குது பாரு."

அவள் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். புது வகை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். இது லேசாகப் பால் கலந்தது மாதிரி மங்கல். பழைய டியூப்தான்.

"எப்போ கொண்டாந்தார்?"

"நம்ம பாத்ரூம் குழாய் ஒழுகி, ஆளு வந்து சரி பண்ணிட்டுப் போனான்ல, அந்த வாரம். ஏன்டி, முகம் ஏன் இப்படிப் போகுது?"

குழாய் ஒழுகியது சமீபத்தில். தொண்ணூறு முப்பதாக விழுந்து வெகு நாள் கழித்து. ஒன்றுகூட இல்லை என்று அவன் சொன்னதற்கும் அப்புறம். இல்லாத டியூப் எப்படி ஒரு பை நிறைய வீட்டுக்கு வரும்? அலமாரியில் மீதிப் பை பிரிக்காமல் இருந்தது. அதைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல அத்தை, நேரமாச்சு" என்று செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கிய பிறகுதான் இடது வலது சரியானது. அவன் கூட்டத்துக்குப் படங்களைத் தயார் செய்ய வேண்டும் என்று முன்னாலேயே போய்விட்டிருந்தான்.

பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. ஒரு நல்ல காரணத்தை அவனுக்காக அவளே தேடிக்கொண்டிருந்தாள். மறந்திருப்பான். அலமாரியின் பின்னால் கிடந்து பிறகு கண்ணில் பட்டிருக்கும். அம்மாவுக்கு உதவும் என்று எடுத்து வந்திருப்பான். ஒவ்வொரு காரணமும் ஒரு நிறுத்தம் வரைக்கும் தாங்கியது, அப்புறம் இறங்கிப் போய்விட்டது.

ஆய்வகத்தில் அவன் அலமாரியில் அவள் கை வைப்பதில்லை, அவள் அலமாரியில் அவன் வைப்பதில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள ஒப்பந்தம். அன்று அவள் கேட்காமல் அவனுடைய புரதக் குப்பியை எடுத்தாள். பழைய டியூப் சில, புது டியூப் சில என்று வரிசையாக வைத்து எல்லாவற்றிலும் புரதத் தண்ணீரை விட்டாள். துகளைப் போடவே இல்லை. வெறும் டியூப், வெறும் புரதத் தண்ணீர், அவ்வளவுதான். இந்தச் சோதனையை முதல் நாளே யாராவது செய்திருக்க வேண்டும். துகள் இல்லாமல் என்னத்தை அளப்பது, வேலையற்ற வேலை என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வந்துகொண்டிருக்கும்போது யார் மூளைதான் வேலை செய்கிறது?

டியூப்கள் சுழலியில் மெல்லத் தலைகீழாகி நிமிர்ந்துகொண்டிருந்தன. அவள் மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையைத் துடைத்தாள். பக்கத்து மேசை மாணவன், முன்பு ஒரு தடவை காந்தத் துகளைக் காந்தக் கலக்கியால் கலக்கி மொத்தச் சரக்கையும் கலக்கிமேல் முள்ளம்பன்றி மாதிரி அப்ப வைத்த மேதை, "அக்கா, நீங்க நடக்கிற நடையில எங்களுக்கே தலை சுத்துது" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் நைசாக எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டான்.

சாயத்தை விட்டாள். புது டியூப்பின் தண்ணீர் சட்டென்று நீலமானது. போட்ட புரதம் அப்படியே இருக்கிறது. பழைய டியூப்பின் தண்ணீர் பழுப்பாகவே நின்றது. ஆட்டிப் பார்த்தாள். பழுப்பு. கருவியில் வைத்துப் படித்தாள். துகளே இல்லாத டியூப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு புரதத்தைக் காணோம்.

முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். என் துகளில் குறை இல்லை, என் கையில் தரித்திரம் இல்லை என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புரதத்தைப் பழைய டியூப்பின் சுவர் இழுத்து வைத்துக்கொண்டது. இத்தனை காலம் அதைத் துகள் இழுத்தது என்று எண்ணி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறார்கள். புது டியூப் ஒட்டாத வகை. அதில் காட்டிய முப்பதுதான் நிஜம். அடுத்த கணமே சந்தோஷம் வடிந்துவிட்டது. அவனுக்கு இது தெரியும். தெரிந்துதான் டியூப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் மாத்திரையைப் போட வைத்தான்.

அவனைக் குளிர் அறையில் பிடித்தாள். அங்கே விசிறிச் சத்தத்தில் பேசுவது வெளியே கேட்காது. கூட்டத்துக்காக இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். அந்த இஸ்திரியும் அவள் போட்டதுதான்.

"பழைய டியூப் ஒண்ணுகூட இல்லைன்னீங்க."

அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் அவனுக்கு முகம் செத்துவிட்டது. "எங்க கிடைச்சுது?"

"உங்கம்மா மாத்திரை டப்பா."

அவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

"வெறும் டியூப் வச்சுப் பார்த்தேன். நீங்களும் பார்த்திருக்கீங்க, இல்லையா?"

"பார்த்தேன்" என்றான் கடைசியில். "பார்த்துட்டு என்ன பண்ணச் சொல்ற? தொண்ணூறுன்னு மேடம் கதவுல தொங்குது. அடுத்து எலிக்குப் போடணும்னு கூண்டு வரைக்கும் வாங்கியாச்சு. நான் போய் 'எல்லாம் சுவர்ல ஒட்டினதுதான் மேடம்'னு சொன்னா ரெண்டு பேரையும் ஒரே நாள்ல அனுப்பிடுவாங்க. ஒருத்தராவது இருக்கட்டும்னு நினைச்சேன். வீட்டை யோசிச்சேன்."

"அந்த ஒருத்தர் நீங்கதான்னு யார் முடிவு பண்ணினது?"

அவன் விரலில் இருந்த நீலத்தை இன்னொரு விரலால் தேய்த்தான். அது போகிற நீலமா?

"இத்தனை நாளா அம்மோனியாவை முகர்ந்துட்டு நின்னேன். என் கைதான் சரியில்லைன்னு அழுதேன், நீங்கதான் தண்ணி கொண்டாந்து கொடுத்தீங்க. உட்கார வச்சு, 'இப்படி ஆயிடுச்சு, என்ன பண்ணலாம்'னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே விட்டுக் கொடுத்திருப்பேன்." சொல்லும்போதே அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் அதிகமாக எரிந்தது. "கூட்டத்துல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்" என்றான். "என்னை நம்பு."

கூட்ட அறையில் அவள் கதவோரம் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை, அதில் ஒரு சின்னத் தாங்கியில் அந்தப் பழுப்பும் நீலமும். கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பெரிய மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார். "துகளை வெளிய வாங்கிடலாமா, வேண்டாமா? எனக்கு ஒரே பதில் வேணும்."

அவன் எழுந்தான். தண்ணீர் குடித்தான். "துகள்ல ஒரு குறையும் இல்ல மேடம்" என்றான். "அவங்க செஞ்சது முதல்லயிருந்து சரியாத்தான் இருந்திருக்கு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன் மனுஷன்தான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் அவன் அடுத்ததைச் சொன்னான்.

"குறை புது டியூப்ல. ஸ்டோர்ல மாத்தினதுலயிருந்துதான் விழுந்திருக்கு. பழைய வகைக்கே திரும்பிட்டோம்னா தொண்ணூறு வந்துடும். நான் உறுதியா சொல்றேன்."

"அட, இவ்வளவுதானா!" என்று மேடம் சாய்ந்து உட்கார்ந்தார். அறை முழுக்க ஒரு பெருமூச்சு. மாணவன் திரும்பி, "அக்கா, உங்க தலை தப்பிச்சது" என்று கிசுகிசுத்தான். கணவன் அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தான். போதுமா, ரெண்டு பேரும் பிழைச்சோம், இதோட விட்டுடு என்று கெஞ்சுகிற பார்வை.

என்ன சாமர்த்தியம்! ஒரு பொய்கூட இல்லை. பழைய டியூப்பில் போட்டால் தொண்ணூறு வரத்தான் செய்யும். அவள் வேலை அவளுக்கு, அவன் பெயர் அவனுக்கு, கதவில் வரைபடம் கதவிலேயே. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அதுவும் கொஞ்ச நேரம்தான். மேடம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். அவள் ஆசைப்படவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஆனால் நாளைக்குக் கறுப்புத் தண்ணீரைப் பழைய டியூப்பிலிருந்து ஊசியில் எடுப்பார்கள். எடுக்கும்போது புரதம் சுவரிலேயே நின்றுவிடும். காலுடைந்த எலிக்குப் போவது அவளுடைய துகளும் வெறும் தண்ணீரும். எலும்பு கூடாது. கூடாதபோது மறுபடி யாரைக் கேட்பார்கள்? துகளில் ஏதோ கோளாறு என்பார்கள். அதையும் அவனேதான் எழுந்து சொல்வான்.

"மேடம்" என்றாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. தாங்கியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது பழைய டியூப். இதுல துகளே இல்ல."

"இல்லைன்னா?"

"நான் ஒண்ணும் போடல. வெறும் டியூப்ல புரதத்தை மட்டும் விட்டேன். இதுலயும் தொண்ணூறு காணாமப் போகுது. பக்கத்துல இருக்கிறது புது டியூப். இதுல ஒண்ணும் காணாமப் போகல."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், பழுப்பையும் நீலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னது அவளிடமோ அவனிடமோ அல்ல, தனக்குத்தானே. "அதான் வெளிய வரவே இல்ல. பிடிப்பு அதிகம்னு நினைச்சேன். ஏறினாத்தானே இறங்கும்!" எழுந்து போய்த் தன் அறைக் கதவிலிருந்த வரைபடத்தை ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டு திரும்பி வந்தார். "அப்போ நிஜமா ஏறினது முப்பது."

"முப்பதுதான் மேடம். ஆனா அது நிஜம். சட்டையைக் கொஞ்சம் மாத்தினா ஏத்தலாம்னு எனக்குத் தோணுது."

"நீ செய். யாருகிட்டயும் ஒண்ணும் வாங்க வேண்டாம்." மேடம் இப்போது அவனைப் பார்த்தார். அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். உட்காருவதா நிற்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. "இவருக்கு இது எப்போ தெரியும்னு நான் கேட்கப் போறதில்ல, முகத்துலயே தெரியுது. இனிமே அளவை யார் எடுக்கிறது? இவர் எடுத்துக் கொடுக்கிற நம்பரை நான் நம்பணுமா? நீ சொல்லு."

ஒருத்தராவது இருக்கட்டும். அவன் சொன்ன அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. 'வேண்டாம் மேடம்' என்று இரண்டு சொல் போதும், அவன் வெளியே. அவனுக்கு அது தெரிந்தது, தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வந்தது என்று சொன்னால் பொய். இத்தனை வருஷம் அவன் கையில் இருந்த அளவுக்குச் சுத்தம் இந்த ஆய்வகத்தில் வேறு யாருக்கும் கிடையாது என்பது மட்டும் ஞாபகம் வந்தது. டியூப் ஏமாற்றியதே தவிர, முதலில் கை ஏமாற்றவில்லை.

"அவரே எடுக்கட்டும் மேடம்" என்றாள். "ஆனா ஒவ்வொரு தடவையும் பக்கத்துல ஒரு வெறும் டியூப் வைக்கணும். அதை நான் பார்ப்பேன்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, உட்கார்ந்தாள். அவன் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதோ சொல்ல இரண்டு முறை குனிந்தான். இரண்டு முறையும் பஸ் நின்று ஆட்கள் ஏறினார்கள். இறங்கும் இடத்தில் மட்டும், "நீ 'வேண்டாம்'னு சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள். "கோவம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. இன்னும் அப்படியே இருக்கு."

மாமியார் கதவைத் திறந்ததும் இரண்டு முகத்தையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டை எடுத்து வைத்தார். அவள் நன்றாகப் பசித்துச் சாப்பிட்டாள். வெகு நாளாகிவிட்டது அப்படிச் சாப்பிட்டு. அவன் பாதியில் எழுந்து தட்டைக் கொண்டுபோய்க் கழுவினான், பிறகு அங்கேயே நின்று தம்ளரைக் கழுவினான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவிய தம்ளரைக் கவிழ்த்தான், நிமிர்த்தினான், மறுபடி சோப்பைப் போட்டான்.

மாமியார் மாத்திரை டியூப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியை எட்டிப் பார்த்தார். "காலையில இவ. இப்போ உனக்கும் ஆரம்பிச்சிடுச்சா? டேய், அந்தத் தம்ளரை விடுடா!"

"விடுங்க அத்தை" என்றாள் அவள், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டே. "கழுவட்டும்."